பாஸ்க் மொழி படிக்க ஒரு செமஸ்டர்: தொனோஸ்தியாவா, வித்தோரியாவா?

நெடுங்கணக்கு:
மொழியியல் முதுகலை மாணவன். அடுத்த ஆண்டு ஒரு செமஸ்டர் ஸ்பெயினின் வடக்கிலுள்ள பாஸ்க் நாட்டில், தொனோஸ்தியா (சான் செபாஸ்தியன்) அல்லது வித்தோரியா நகரில், படிக்கலாமென்று எண்ணம். எவுஸ்கராவில் (பாஸ்க் மொழியின் சொந்தப் பெயர்) அடிப்படைப் பேச்சாவது வர வேண்டும். ஸ்பானிஷ் தெரியாது. 'பாஸ்க் மொழியும் பண்பாடும்' என்ற பெயரில் பல திட்டங்கள் கண்ணில் படுகின்றன. எதை வைத்துத் தேர்வு செய்வது? விசாவில் எது இடறும்?

கல்பாலம்:
திட்டத்தின் பெயரை விடுங்கள். எவுஸ்கராவுக்கு எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். அயல்நாட்டு மாணவர்களுக்கான திட்டங்களில் வாரத்தின் பெரும்பகுதியை ஸ்பானிஷ் எடுத்துக்கொள்வது வழக்கம். பாஸ்க் ஒரே ஒரு பாடமாக ஓரத்தில் இருக்கும். பாஸ்க் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் 6 கிரெடிட் பாடம் என்றால் வகுப்பு சுமார் 60 மணி நேரம்தான். அதை மட்டும் நம்பினால் அறிமுகம் செய்துகொள்வதற்கு மேல் நகர மாட்டீர்கள்.

பாஸ்க் இயல், மொழியியல் இரண்டும் இருப்பது வித்தோரியா-காஸ்தேய்ஸ் வளாகத்தின் கலைப்புலத்தில். ஒரே பாடத்துக்கு பாஸ்க் வழி, ஸ்பானிஷ் வழி என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ஆங்கில வழியில் சில பாடங்களே. கற்றல் ஒப்பந்தத்தில் (நீங்கள் படிக்கப்போகும் பாடங்களின் பட்டியல்) பாடக் குறியீட்டோடு பயிற்றுமொழியையும் சரிபாருங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

செமஸ்டருக்கு முன்னால் ஒரு பார்னெதேகி சேர்த்துக்கொண்டால் நல்லது. அங்கேயே தங்கி, சாப்பாட்டு மேசையிலும் எவுஸ்கராவே பேசும் பயிற்சி அது. லஸ்காவ் ஊரிலுள்ள மைஸ்பிதே அப்படிப்பட்ட இடம். தொடக்க வகுப்புகளில் விளக்கம் ஸ்பானிஷில் வரலாம், முன்பே கேட்டுவிடுங்கள்.

வேங்கை_மரம்:
தமிழ் பேசுகிறவருக்கு வேற்றுமை உருபுகளில் சிரமம் இருக்காது. எச்சேயன் வீட்டில், எச்சேரா வீட்டுக்கு, எச்சேதிக் வீட்டிலிருந்து. வினை கடைசியில் வருவதும் பழக்கமானதே. (இதை வைத்து உறவுமொழி என்று கிளம்பிவிடாதீர்கள். எவுஸ்கராவுக்கு எந்த மொழியோடும் உறவு நிறுவப்படவில்லை.)

இடறும் இடம் எழுவாய். 'மனிதன் வந்தான்' என்பது 'கிசோனா எதோர்ரி தா'. 'மனிதன் பார்த்தான்' என்றால் 'கிசோனாக் இகுசி து'. செயப்படுபொருள் குன்றா வினையின் எழுவாய்க்கு 'க்' சேரும். அதே 'கிசோனாக்' பன்மையாகவும் வரும் என்பதால் 'மனிதர்கள் வந்தார்கள்' என்பது 'கிசோனாக் எதோர்ரி திரா'. கடைசியில் வரும் துணைவினையை (தா, து, திரா) கவனித்தால்தான் பிரித்தறிய முடியும். துணைவினையும் செயப்படுபொருளுக்கேற்ப மாறும்: அதைப் பார்த்தேன் 'இகுசி துத்', அவற்றைப் பார்த்தேன் 'இகுசி தித்துத்'. போவதற்கு முன்பே இந்த வாய்பாடு மனப்பாடமாக இருக்கட்டும்.

வகுப்பில் கற்பது 1968இல் அரந்த்சாசு மடாலயத்தில் நடந்த மாநாட்டில் வடிவெடுக்கத் தொடங்கிய பொதுமொழியான பதுவா. பிஸ்காயா மாகாணப் பக்கம் போனால் வட்டார வழக்கில் 'துத்' 'தோத்' ஆகிவிடும், பயப்பட வேண்டாம்.

தபால்பெட்டி:
விசா: 180 நாளுக்குள் முடிகிற செமஸ்டருக்கு விசாவே போதும். அதைத் தாண்டினால் போலீஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் வேண்டும். போய்ச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் அயல்நாட்டவர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் சான்றிதழுக்கு முதலில் அப்போஸ்தில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு இடும் சான்று முத்திரை), பிறகே ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு. வரிசை மாறினால் மறுபடி செலவு.

செலவுப் பணம் மாதம் 600 யூரோ என்ற கணக்கில் காட்ட வேண்டும். ஆனால் தொனோஸ்தியா வாடகைக்கு அது காணாது. சாதாரணப் பயணக் காப்பீட்டை நம்பாதீர்கள். ஸ்பெயினில் அனுமதி பெற்ற நிறுவனத்தின், நோயாளி பங்குத்தொகை இல்லாத மருத்துவக் காப்பீடே பாதுகாப்பு. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலியாக இருந்தால் சேர்க்கைக் கடிதம், காப்பீடு, வங்கித் தாள் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

நெடுங்கணக்கு:
நன்றி. வித்தோரியாவில் தெருவில் எவுஸ்கரா காதில் விழுமா?

கல்பாலம்:
குறைவு. அங்கே ஸ்பானிஷ்தான் ஓங்கும். மின்த்சாலாகுன் குழுவில் சேருங்கள்: சரளமாகப் பேசுகிறவரும் கற்பவர்களும் வாரம் ஒரு மணி நேரம் சந்தித்துப் பேசுவார்கள். விடுமுறை நாளில், தெருவில் எவுஸ்கரா ஓங்கும் அஸ்பெய்தியா ஊருக்குப் போய் வாருங்கள். கடையில் நீங்கள் தடுமாறினால் ஸ்பானிஷுக்கு மாறிவிடுவார்கள். ஸ்பானிஷ் தெரியாதது அப்போது உங்களுக்கு லாபம்.