ஜோபர்க்ல இருந்து டர்பன்: கார்ல ஏறினாலே எச்சிலும் வாந்தியும், காவடிக்கு நாயை எப்படிக் கூட்டிட்டுப் போறது?

செம்பருத்தி:
வணக்கம் மக்களே, ஒரு உதவி வேணும். தைப்பூசக் காவடிக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு, நாங்க தென்னாப்பிரிக்கால ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்), மாமியார் வீடு டர்பன்ல சாட்ஸ்வொர்த். வீட்டுக்காரர் இந்த வருஷம் காவடி எடுக்கிறாரு, விரதம் எல்லாம் இருக்கறதால நாலு நாள் முன்னாடியே போயாகணும். பிரச்சனை எங்க கருப்பட்டி. ரெண்டு வயசு, 22 கிலோ, ஷெல்டர்ல இருந்து எடுத்தது, என்ன ஜாதின்னு கேக்காதீங்க, ஒரு காது நிக்கும் ஒரு காது படுத்துக்கிடக்கும். வீட்டுல தங்கம், கார்ல ஏத்தினா மட்டும் எச்சில் நூல் நூலா ஒழுகி சீட்டு பூரா ஈரம், அப்புறம் வாந்தி, அப்புறம் ஒரே ஊளை. போன மாசம் பிரிட்டோரியா போயிட்டு வர்றதுக்குள்ள என் மடியிலயே ரெண்டு தடவை. இப்ப 570 கிலோமீட்டர் எப்படிப் போறது? கென்னல்ல (காசுக்கு நாயைப் பார்த்துக்கிற இடம்) விடலாம்னா முன்னாடி ஒரு இடத்துல விட்டு மூணு நாள் சாப்பிடாம எலும்பும் தோலுமா வந்துச்சு, மனசு வரல. பக்கத்து வீட்டு அங்கிள் மனுஷங்க போடுற அலர்ஜி மாத்திரைல பாதி குடுத்தா தூங்கிடும்னு சொல்றாரு, குடுக்கலாமா?

வண்டிச்சத்தம்:
நாயை எதுக்கு கோயில் விசேஷத்துக்கு? தெரிஞ்சவங்க வீட்டுல விட்டுட்டுப் போங்க. இல்லன்னா பக்கி (பிக்கப் வண்டி) பின்னாடி ஏத்துங்க, காத்து வரும், வாந்தியும் வெளியில போயிடும்.

உப்புக்காத்து:
பக்கி பின்னாடி திறந்தபடி வேண்டவே வேண்டாம், ஒரு பிரேக்குக்கு தூக்கி வெளிய போட்டுடும், கேனப்பி (மேல்மூடி) போட்டிருந்தாலும் உள்ள வேகும். நான் வெட் (கால்நடை டாக்டர்) இல்ல, டர்பன் பக்கம் மாரிட்ஸ்பர்க்ல ஒரு வெட் கிளினிக் ரிசப்ஷன்ல எட்டு வருஷமா உக்காந்திருக்கேன், அவ்வளவுதான். அந்த அலர்ஜி மாத்திரை விஷயத்தை நிறுத்துங்க. அதுல சிலதுல சளிக்கான மருந்தும் கலந்திருக்கும், நாய்க்கு அது ஆபத்து. வலி மாத்திரை பாரசிட்டமால் கூட குடுக்கக்கூடாது.

முதல்ல ஒண்ணு சொல்லுங்க செம்பருத்தி, எச்சில் எப்ப ஆரம்பிக்குது? வண்டி ஓடி அரை மணி நேரம் கழிச்சா, இல்ல கார் கிட்ட போனதுமேவா? ரெண்டுக்கும் வைத்தியம் வேற. அப்புறம் எங்க உக்காருது, கட்டியிருக்கீங்களா?

செம்பருத்தி:
நீங்க கேட்டதுக்கு அப்புறம்தான் கவனிச்சுப் பார்த்தேன், சாவிக்கொத்தை எடுத்தாலே வாயை நக்க ஆரம்பிக்குது, கொட்டாவி விடுது, கார் கதவு திறக்கறதுக்குள்ள தரையில ரெண்டு சொட்டு! பின்சீட்டுல சும்மாதான் விடுவோம், வளைவுல சறுக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் போகும், பாவம், நகத்தால சீட்டைப் பிராண்டும். சீட்டுல பெட்ஷீட் விரிச்சிருப்பேன், அதுவும் கூடவே சறுக்கும்.

உப்புக்காத்து:
அப்ப பாதி தலைசுத்தல், பாதி பயம். வண்டி ஆடறதால குமட்டல், குமட்டினதால காருன்னாலே பயம், பயத்துல மறுபடி குமட்டல், சுத்திக்கிட்டே இருக்கும். வாந்திக்கு மாரோபிடன்ட்னு ஒரு மாத்திரை இருக்கு, செரீனியாங்கிற பேர்ல வரும், வெட் எழுதித் தரணும், எடையைப் பார்த்துத்தான் அளவு. கிளம்புறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி கொஞ்சூண்டு சாப்பாட்டோட. ஆனா அது வாந்தியைத்தான் நிறுத்தும், பயம் அப்படியே இருக்கும். பயத்துக்கு வெட் தனியா ஏதாவது தருவாங்க, அதை வீட்டுல இருக்கிற நாள்ல ஒரு தடவை குடுத்துப் பாருங்க, முதல் டோஸை ரோட்டுல குடுத்து சோதிக்காதீங்க. பழைய மயக்க மாத்திரை கேட்டு வாங்காதீங்க, நாய் அசையாம கிடக்கும், உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டேதான் இருக்கும், ரத்த அழுத்தமும் இறங்கும்.

டர்பன்பேரன்:
வணக்கம் அக்கா. நான் இங்கயே பொறந்தவன், நாலாவது தலைமுறை, தமிழ் எழுத்து கோயில் வகுப்புல கத்துக்கிட்டது, தப்பு இருந்தா மன்னிச்சிடுங்க. எங்க அய்யா வீட்டு நாய்க்கும் இதே கதைதான். நாங்க என்ன பண்ணோம்னா, பத்து நாளைக்கு வண்டியை ஓட்டவே இல்ல. கதவைத் திறந்து வெச்சு உள்ள கோழித் துண்டு, ஏறினா சாப்பிட்டு இறங்கலாம். அப்புறம் இஞ்சின் மட்டும் ஓடும். அப்புறம் கேட் வரைக்கும். அப்புறம் ரோபோ (டிராஃபிக் சிக்னல்) வரைக்கும் போய்த் திரும்பி வருவோம், எங்கம்மா சிரிப்பாங்க, பெட்ரோல் விக்கிற விலைக்கு நாய்க்கு டிரைவிங் ஸ்கூலான்னு. ஆனா வேலை செஞ்சுச்சு. சாவிக்கொத்தை சும்மா சும்மா ஆட்டிட்டு எங்கயும் போகாதீங்க, அந்த சத்தத்துக்கு அர்த்தமே போயிடும்.

நாய்க்கு உடம்புல போடுற ஹார்னஸ், அதுல சீட்பெல்ட் கிளிப். கழுத்துப்பட்டையில மாட்டாதீங்க, பிரேக் போட்டா கழுத்து போயிடும். முன்சீட் வேண்டாம், ஏர்பேக் இருக்கு. முடிஞ்சா கிரேட் (நாய்க்கூண்டு), அதையும் சறுக்காம கட்டி வைக்கணும்.

வண்டிச்சத்தம்:
சரி பக்கி வேண்டாம், ஒத்துக்கறேன். சுக்குக் கஷாயம் குடுத்துப் பாருங்களேன், எங்க ஆச்சி பஸ்ல போறப்ப குடிப்பாங்க.

உப்புக்காத்து:
உங்க ஆச்சி தானா குடிப்பாங்க அண்ணே, கருப்பட்டி வாயைப் பிளந்து ஊத்தி அது மூச்சுக்குழாய்க்குள்ள போனா வேற வம்பு. மாத்திரையே போதும்.

நெல்லிமரம்:
ரோடு பத்தி நான் சொல்றேன், மாசம் ரெண்டு தடவை ஜோபர்க்-டர்பன் என்3 ஹைவேல போறவன். காலைல நாலு மணிக்கு ஜோபர்க் விட்டா ஏழு ஏழரைக்கு ஹாரிஸ்மித், அங்க ஒரு நடை, தண்ணி. அதுக்கப்புறம்தான் வான் ரீனன் கணவாய், வளைஞ்சு வளைஞ்சு இறங்கும், லாரி வரிசை, வேனல்லயும் சில நாள் மூடுபனி. உங்க நாய்க்கு கஷ்டம் அங்கதான், மெதுவா போங்க, ஜன்னலை ரெண்டு விரல் அளவுக்கு இறக்கி வைங்க, தலையை வெளிய நீட்ட விடாதீங்க. அடுத்து மூய் ரிவர்ல நிப்பாட்டலாம். உச்சி வெயிலுக்கு முன்னாடி டர்பன் போய்ச் சேர்ந்துடுவீங்க.

இப்ப ஒரு விஷயம், சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்தி பின்கதவைத் திறந்தேன், அதே நேரம் பக்கத்துல ஒரு லாரி ஏர்பிரேக்கை 'ஸ்ஸ்ஸ்'னு விட்டுச்சு, எங்க நாய் பின்னாடி இழுத்து கழுத்துப்பட்டையை காது வழியா உருவிட்டு ஓடிடுச்சு. கையில வெறும் பட்டை தொங்குது. பங்க்கு பின்னாடி சோளக்காடு, ஒரு மணி நேரம் கத்தினோம், கடைசியில என் பொண்ணு தரையில உக்காந்து சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்கினா, அந்த சத்தத்துக்கு வந்துச்சு. அன்னைலேர்ந்து லீஷ் (பிடிக்கிற கயிறு) மாட்டி, அது என் மணிக்கட்டுல ஏறினதுக்கு அப்புறம்தான் கதவு திறக்கும். ஃபோன் நம்பர் போட்ட தகடு, மைக்ரோசிப், ரெண்டும் வைங்க, சிப்ல பழைய நம்பர் இருந்தா மாத்துங்க, எங்களுது பழைய நம்பர்தான் இருந்துச்சு.

காருக்குள்ள விட்டுட்டு டாய்லெட் போகாதீங்க. வெளிய 24 டிகிரின்னா பத்து நிமிஷத்துல உள்ள 34, அரை மணில 43. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் போங்க.

உப்புக்காத்து:
டர்பன் போறதால ரெண்டு விஷயம். ஒண்ணு ராபிஸ் (வெறிநாய் நோய்), டர்பன் இருக்கிற குவாசுலு நட்டால் மாகாணத்துல அது இன்னும் இருக்கு, ஊசி கார்டைப் பாருங்க. ரெண்டாவது உண்ணி. பிலியரி தெரியும்ல, உண்ணி கடிச்சு வர்றது, நம்ம ஊர் பக்கம் ரொம்ப. ஈறு வெளுக்கும், காய்ச்சல், சோர்வு, மூத்திரம் காபி கலர்ல போகும். கடிச்சு ரெண்டு வாரம் கழிச்சும் வரலாம், அதனால ஜோபர்க் திரும்பினதுக்கு அப்புறமும் கண்ணு வைங்க. உண்ணி மாத்திரை இப்பவே குடுத்துடுங்க. மாத்திரை குடுத்தாலும் தினம் ராத்திரி காதுக்குள்ள, விரல் இடுக்குல தடவிப் பாருங்க.

இன்னொண்ணு, விசேஷ வீடு. பாயாசத்துல திராட்சை இருக்கும், நாய்க்கு கிட்னி போயிடும். விரத சாப்பாட்டுல வெங்காயம் இல்லைன்னாலும் விரதம் முடிஞ்சதும் பிரியாணி வரும், அதுல வெங்காயம், எலும்பு எல்லாம் இருக்கும். வர்ற அத்தைங்க எல்லாம் பாசத்துல ஆளுக்கு ஒரு உருண்டை ஊட்டுவாங்க. மேளம் அடிக்கிறப்ப ஒரு ரூம்ல ஃபேன் போட்டு கதவைச் சாத்துங்க, ஊர்வலத்துக்கு கூட்டிட்டுப் போகாதீங்க, தார் ரோடு பாதத்தை வேக வைக்கும்.

செம்பருத்தி (மூணு வாரம் கழிச்சு):
சாட்ஸ்வொர்த்ல இருந்து எழுதறேன். வெட் 22 கிலோவுக்கு ஏத்த மாதிரி வாந்தி மாத்திரையும் பயத்துக்கு ஒண்ணும் குடுத்தாங்க. பெட்ஷீட்டைத் தூக்கிப் போட்டுட்டு யோகா மேட்டை வெட்டி சீட்டுல விரிச்சேன், சறுக்கவே இல்ல, சிரிக்காதீங்க. நாலரைக்கு கிளம்பினோம், டி ஹோக் டோல் வரைக்கும் எச்சில் மட்டும், வில்கே டோல்ல குறட்டை! கணவாய்ல எழுந்து ரெண்டு தடவை குமட்டி மறுபடி படுத்துக்கிச்சு, வாந்தி இல்ல. மூய் ரிவர்ல நிறுத்தினப்ப நெல்லிமரம் அண்ணா சொன்ன மாதிரி லீஷ் கையில இல்லாம கதவு திறக்கல, சரியா அப்பவே ஒரு லாரி 'ஸ்ஸ்ஸ்'னுச்சு, ஒரே இழுப்பு, ஹார்னஸ் பிடிச்சுக்கிச்சு. எனக்குத்தான் கை நடுக்கம் நிக்கல.

மாமியார் முதல்ல நாயை வாசல்லயே நிறுத்துன்னாங்க, இப்ப தயிர் சாதம் அவங்க கையால. திராட்சை விஷயம் சொன்னதுக்கு பாயாசச் சட்டியை அலமாரி மேல ஏத்தி வெச்சிருக்காங்க.

ஒரு கேள்வி. திரும்பி வர்றப்ப விசேஷம் முடிஞ்சு மத்தியானம்தான் கிளம்ப முடியும்னு இவர் சொல்றாரு, அந்த வெயில்ல சரியா வருமா?

நெல்லிமரம்:
வேண்டாம்மா. காவடி எடுத்தவருக்கும் அன்னைக்கு காலு ஓயணும். ராத்திரி தூங்கிட்டு மறுநாள் நாலு மணிக்கே கிளம்புங்க.