கட்டுமானத் தளத்திலிருந்து வெளியேறும் மழைநீரை எங்கே, எப்போது அளப்பது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். ஒரே பக்கமாகச் சரிந்திருக்கும் ஏறத்தாழ 3 ஹெக்டேர் தளத்தில் அடித்தள வேலை நடந்து வருகிறது. கீழ் எல்லை நெடுக வண்டல் தடுப்புத் துணி கட்டி, அதன் முடிவில் படிவுக் குட்டையும் வெட்டியிருக்கிறோம். மழை பெய்த மறுநாள் காலையில் குட்டையின் வெளிவாயில் நீரைக் கலங்கல்மானியில் வைத்தால் 60 என்டியு (நீரின் கலங்கலை அளக்கும் அலகு) அளவில்தான் காட்டுகிறது. ஆனால் மழையின்போது ஓடை செந்நிறமாக ஓடுவதாகக் கீழே வசிப்போர் முறையிடுகிறார்கள். அவர்கள் சொல்வதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. எதை மாற்ற வேண்டும்?

மறுமொழி 1:
கருவியைச் சந்தேகிக்கும் முன் நேரத்தைக் கவனியுங்கள். தளத்தைவிட்டு வெளியேறும் மண்ணில் பெரும்பங்கு, நீரோட்டம் உச்சத்தில் இருக்கும் சிறிது நேரத்துக்குள் போய்விடுகிறது. மறுநாள் நீங்கள் எடுப்பது ஓட்டம் தணிந்தபின் எஞ்சிய நீரை மட்டுமே. ஆகவே நீர் வெளியேறத் தொடங்கும்போது ஒரு மாதிரி, உச்சத்தில் ஒன்று, வடியும்போது ஒன்று என்று எடுத்து, ஒவ்வொன்றின் நேரத்தையும் தளத்திலேயே வைத்த மழைமானியின் அளவையும் சேர்த்து எழுதிவையுங்கள். தளத்துக்கு மேற்புறம் ஓடை வரும் இடத்திலும் ஒரு மாதிரி அவசியம். அது இல்லாவிட்டால் கலங்கலில் எவ்வளவு உங்களுடையது என்று சொல்லவே முடியாது.

புட்டியின் வாயை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அடியில் படிந்த வண்டலைக் கிளறாமல் நடு ஆழத்தில் நிரப்புங்கள். அளக்கும் முன் புட்டியை மெல்லப் புரட்டிக் கலக்கி, காற்றுக்குமிழ் அடங்கியதும், கலங்கல்மானியில் வைக்கும் குப்பியின் மேலுள்ள கைரேகையைத் துடைத்துவிட்டு உடனே பாருங்கள். என்டியு என்பது ஒளி சிதறும் அளவே தவிர மண்ணின் எடையன்று. எடை தெரிய வேண்டுமானால் சில மாதிரிகளை ஆய்வகத்தில் வடிகட்டி உலர்த்தி நிறுக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் குட்டையின் மீது வைத்திருக்கும் நம்பிக்கையைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அசையாத நீரில் 0.1 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும், 0.002 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கோ அதே தூரத்துக்கு ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். சில மணி நேரமே தங்கும் குட்டை மணலைப் பிடிக்கும், களிமண்ணைப் பிடிக்காது. அதனால் துளி விழும் இடத்திலேயே மண்ணைக் காப்பதுதான் உண்மையான தீர்வு: சில வாரங்களுக்கு வேலை நடக்காத சரிவுகளை வைக்கோலாலோ தென்னைநார் விரிப்பாலோ மூடுங்கள், குவித்த மண்ணைத் தார்ப்பாயால் போர்த்துங்கள், மேலிருந்து வரும் நீரைத் தளத்துக்குள் விடாமல் வாய்க்கால் வெட்டித் திருப்புங்கள்.

மழை பெய்யும்போதே துணியை ஒட்டி நடந்து பாருங்கள். அடி விளிம்பு மண்ணுக்குள் புதைக்கப்படாத இடத்தில் நீர் துணிக்கு அடியில் பீறிட்டுக்கொண்டிருக்கும். அங்கே மறுநாள் ஒரு சிறு பள்ளமும் அதற்குக் கீழே விசிறிபோல் பரந்த வண்டலும் தெரியும். துணியின் உயரத்தில் பாதிவரை வண்டல் ஏறும் முன் அள்ளிவிட வேண்டும். இரு முனைகளும் மேட்டை நோக்கி வளைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லையெனில் நீர் முனையைச் சுற்றிப் போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. லாரிகள் போய்வரும் வாயிலைப் பற்றி ஒருவரும் குறிப்பிடவில்லையே. அங்கே துணியும் இல்லை, சாலை நீர் நேராக வடிகாலில் விழுகிறது.

மறுமொழி 1:
அப்படியானால் அதுவும் ஒரு வெளிவாயில்தான். அங்கும் மாதிரி எடுங்கள். வாயிலில் பெருஜல்லியைத் தடிமனாகப் பரப்பி, சாலையில் ஒட்டிய மண்ணை அன்றன்றே கூட்டி அள்ளுங்கள். நீரடித்துக் கழுவினால் அது வடிகாலுக்கே போகும். கான்கிரீட் லாரி கழுவும் நீரைத் தனிக் குழியில் தேக்குங்கள். அதன் காரத்தன்மை பிஎச் 12 வரை எட்டும். அது பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் மீன்களைக் கொல்லும், கலங்கல்மானியோ எதையும் காட்டாது.