அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) பாய்லர் புகை இரண்டு நாள் கிடைக்குமா?

மார்த்தாண்டம், குழித்துறை பக்கம் அண்டி ஆபீஸ் நடத்துகிறவர்கள் குழுவில் யாராவது இருக்கிறீர்களா அண்ணே? இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக, புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்க ஆளுயரக் குழாய் ஒன்று செய்திருக்கிறோம். மேலிருந்து அமீன் என்ற ரசாயனத்தின் கரைசல் இறங்கும், கீழிருந்து புகை ஏறும், வாயுவைக் குடித்த கரைசலை அப்புறம் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் அதைக் கக்கிவிடும். தூத்துக்குடியில் சோடா ஆஷ் (சலவைச் சோடா) தயாரிக்கும் ஆலை ஒன்றில் 2016-இல் ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் அளவில் இதே முறையை அமைத்தார்கள். எங்களுடையது பொம்மைதான், சரி.

லேபில் சிலிண்டர் வாயுவை விட்டால் ஒழுங்காக ஓடுகிறது. நிஜப் புகையில் தூசியும் ஆக்சிஜனும் சேர்ந்து அமீனைக் கெடுக்கும், எவ்வளவு வேகமாக என்றுதான் பார்க்க வேண்டும். புகைபோக்கியில் அரை அங்குலத் துளை போதும், உங்கள் வேலை நிற்காது. ஒரு சூளைக்காரர் எங்களை மாசுக் கட்டுப்பாட்டு ஆட்கள் என்று நினைத்து விரட்டிவிட்டார்! ரிப்போர்ட்டில் உங்கள் பெயர் வராது, இன்பாக்ஸில் சொல்லுங்கள்.