சவுத்தாம்ப்டன் பௌலிங் கிரீன்: 1299 உண்மையா?

கேள்வி: உலகிலேயே மிகப் பழைய பௌலிங் புல்தரை (சிறு இலக்குப் பந்தை நோக்கிப் பந்துகளை உருட்டி ஆடும் இடம்) இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் இருக்கிறது, வயது எழுநூறுக்கும் மேல் என்கிறார்கள். நம்பலாமா? அங்கே வசிப்பவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: நம்பலாம் தம்பி. 1299 முதல் அங்கே ஆடுகிறார்கள் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படுவது. எனக்கு அதைவிடப் பிரியமானது 1776 முதல் நடக்கும் நைட்ஹூட், அதாவது 'வீரர் பட்டம்', போட்டி. வென்றவருக்குப் பதக்கம் அணிவித்து, கிளப்புக்குள் 'சர்' என்றே அழைக்கிறார்கள். அவர் மறுபடி அந்தப் போட்டியில் ஆட முடியாது; நடுவராக நிற்க வேண்டும். வால் கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்த பெரியவர் ஒருவர் மெல்லக் குனிந்து, இலக்கான வெள்ளைப் பந்துக்கும் உருட்டிய பந்துக்கும் உள்ள இடைவெளியை அளப்பதை வேலியோரம் நின்று பார்த்தேன். பேச்சு மூச்சில்லை. அந்த மரியாதைக்காகவே நான் மறு ஆண்டும் போனேன்.

பதில் 2: ஐயா, சாதாரண மக்கள் ஆடக் கூடாது என்று சட்டம் இருந்ததாமே?

பதில் 1: ஆமாம், 1541இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம். தொழிலாளிகளுக்குக் கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும், அதுவும் எஜமானர் வீட்டில்தான் அனுமதி. 1845இல்தான் நீக்கினார்கள். முந்நூறு ஆண்டுகள்! நினைத்தாலே மனம் பொறுக்கவில்லை.

பதில் 3: பந்து ஏன் வளைந்து ஓடுகிறது?

பதில் 1: உள்ளே ஈயம் எதுவும் இல்லை. ஒரு பக்கம் சற்றே வேறாகச் செதுக்கியிருப்பார்கள். வேகம் தணியத் தணிய அந்தப் பக்கம் சாயும்.