1970 செவ்ரலே சி10 பிக்கப்: ரேடியேட்டர் சப்போர்ட் புஷ் மாற்றுவது குறித்து உதவி தேவை

கேள்வி (ஃப்ரேசர் டவுன், பெங்களூரு)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1970-ஆம் ஆண்டின் செவ்ரலே சி10 பிக்கப். இடப்பக்க ஸ்டீரிங், 350 கன அங்குல வி8 பெட்ரோல் என்ஜின், மூன்று கியர் கொண்ட மேனுவல் கியர்பாக்ஸ். கடந்த சில மாதங்களாக வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போதும், மேட்டில் கியர் மாற்றி ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும், ரேடியேட்டர் பக்கமிருந்து உரசும் ஓசை வருகிறது. பானெட்டைத் திறந்து பார்த்ததில், ஃபேன் கவரின் மேல் விளிம்பின் உட்புறத்தில் ஃபேன் இறக்கைகள் உரசிய தடம் தெளிவாகத் தெரிகிறது. பானெட் பூட்டும் முன்போல இலகுவாக விழுவதில்லை. கையால் அழுத்த வேண்டியிருக்கிறது.

ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டம் சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) மேல் இரண்டு ரப்பர் புஷ்களில், அதாவது ரப்பர் மெத்தைகளில், அமர்ந்திருக்கிறது. அவை நசுங்கிவிட்டன என்று என் மெக்கானிக் கருதுகிறார். ஜே.சி. ரோட்டில் பல கடைகளில் விசாரித்தும் இந்த வண்டிக்கான புஷ் கிடைக்கவில்லை. கன்வேயர் பெல்ட்டை வட்டமாக வெட்டி அடுக்கிவிடலாம் என்பது அவருடைய யோசனை. அதைச் செய்யலாமா? செய்யக்கூடாது என்றால் சரியான தடிமனை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய ரப்பர் உருக்குலைந்துவிட்டதால் அதை அளந்து பயனில்லை.

பதில் (கோரமங்களா)

ஐயா, புஷ்ஷின் மேல் பழி போடுவதற்கு முன் என்ஜின் மவுண்டிங்கை (என்ஜினைச் சேசிஸில் தாங்கும், ரப்பரும் இரும்பும் சேர்ந்த பிடிப்பை) சோதித்துவிடுங்கள். ஃபேன் என்ஜினோடு சேர்ந்தது. ஃபேன் கவர் முன்சட்டத்தோடு சேர்ந்தது. ஆகவே கவரின் மேல்புறத்தில் உரசல் இருந்தால், ஒன்று சட்டம் கீழே இறங்கியிருக்க வேண்டும், அல்லது ஆக்சிலரேட்டரை அழுத்தும் கணத்தில் என்ஜின் மேலே எழும்ப வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில்தான் தடம் விடும் என்பதால் தடத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட இயலாது.

இந்த என்ஜின்களில் முறுக்கு விசையின் எதிர்விசை இடப்பக்கத்தைத் தூக்கும். இடப்பக்க மவுண்டிங்கின் ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்துவிட்டால் என்ஜின் அந்தப் பக்கம் எழும்பும். இது சிறிய விஷயம் அன்று. அறுபதுகளில் வெளிவந்த செவ்ரலே வாகனங்களில் இந்த மவுண்டிங் பிரிந்து, எழும்பிய என்ஜின் ஆக்சிலரேட்டர் இணைப்பை இழுத்துக்கொள்ளும் அபாயம் இருந்ததால், 1971 டிசம்பரில் சுமார் 67 லட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டு, என்ஜின் எழும்பாமல் தடுக்கும் கேபிள் பொருத்தப்பட்டது.

என்ஜினை அணைத்துவிட்டு, இடப்பக்க மவுண்டிங் அருகே சேசிஸில் ஊன்றி ஒரு நீளமான லீவர் கம்பியால் நெம்பிப் பாருங்கள். ரப்பர் சற்றே நெளிந்தால் பரவாயில்லை. இரும்பும் ரப்பரும் வாய் பிளந்தாற்போல் விலகினால் முதல் வேலை அங்கேதான்.

மவுண்டிங் நன்றாக இருந்தால், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஃபேன் இறக்கையின் நுனிக்கும் கவருக்கும் இடையே மேலும் கீழும் உள்ள இடைவெளியையும், இரு பக்கக் கதவுகளுக்கும் மட்கார்டுகளுக்கும் இடையே மேலும் கீழும் உள்ள இடைவெளியையும் அளந்து எழுதுங்கள். முன்சட்டம் இறங்கினால் அதனோடு பிணைக்கப்பட்ட மட்கார்டின் மூக்கும் தாழும். அப்போது மட்கார்டின் பின் விளிம்பு மேலே கதவை விட்டு முன்னே விலகும். கீழே கதவை நெருங்கும். இந்த அடையாளம் பொய் சொல்லாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நெம்பிப் பார்த்தோம், மவுண்டிங் உறுதியாக இருக்கிறது. அளவுகள் இவை. ஃபேனுக்கு மேலே 12 மில்லிமீட்டர், கீழே 34. வலப்பக்கக் கதவில் மேலே 11, கீழே 3. இடப்பக்கக் கதவில் மேலே 8, கீழே 5.

பதில் (கோரமங்களா)

இந்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. ஃபேன் கவரின் நடுப்புள்ளி ஃபேனின் நடுவைவிட 11 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. கதவோரம் மட்கார்டின் உயரத்தைப் போல, அங்கிருந்து முன்சட்டம் வரையுள்ள தூரம் ஏறத்தாழ இரு மடங்கு என்று கொண்டால், வலப்பக்கம் உள்ள 8 மில்லிமீட்டர் வேறுபாடு முன்னால் 16 மில்லிமீட்டர் இறக்கமாகிறது. இடப்பக்கத்து 3 மில்லிமீட்டர் 6 ஆகிறது. இரண்டின் சராசரி 11. மட்கார்டு வளையக்கூடிய தகடு என்பதால் இது தோராயக் கணக்குத்தான், ஆயினும் முன்சட்டம் இறங்கியிருக்கிறது, அதுவும் வலப்பக்கம் மிக அதிகமாக இறங்கியிருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

வலப்பக்கம் ஏன் என்பதையும் கவனியுங்கள். இந்த வண்டியில் பேட்டரி தட்டு வலப்பக்கம் இருக்கிறது. பல்லாண்டுகளாகக் கசிந்த ஆசிட் சட்டத்தின் அடித்தகட்டை அரித்திருக்கக்கூடும். ரப்பர் நசுங்கி மட்டும் 16 மில்லிமீட்டர் இறங்குவது கடினம். ஒரு திருப்புளியால் புஷ்ஷைச் சுற்றியுள்ள தகட்டைக் குத்திப் பாருங்கள். அது உள்வாங்கினால், அரித்த பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்காமல் எந்தப் புஷ் போட்டாலும் வீண்செலவு.

கேபினைத் தாங்கும் புஷ்களையும் பாருங்கள். கேபினே தாழ்ந்திருந்தால் நீங்கள் எடுத்த அளவுகள் அனைத்தும் தாழ்ந்த கேபினை ஆதாரமாகக் கொண்டவையாகிவிடும். ஆகவே அவற்றை முதலில் சரிசெய்துவிட்டு முன்சட்டத்துக்கு வருவதே முறை.

பதில் (பீன்யா, ரப்பர் பட்டறை)

கன்வேயர் பெல்ட் வேண்டாம். அதன் உள்ளே துணி அடுக்குகள் இருப்பதால் அது ரப்பரைப் போல அமுங்கி மீளாது. ஆசிட்டும் நீரும் வெட்டிய ஓரத்தின் வழியே உள்ளே புகுந்து அடுக்குகளைப் பிரித்துவிடும்.

தடிமன் பற்றிய உங்கள் கேள்வி மிகச் சரியானது. பழைய புஷ்ஷை மாதிரியாகக் கொண்டு வார்த்துக் கொடுங்கள் என்று பலர் எங்களிடம் வருகிறார்கள். நசுங்கிய ரப்பரைப் பார்த்து வார்த்தால் நசுங்கிய உயரமே மீண்டும் கிடைக்கும். விடை வண்டியில்தான் இருக்கிறது. புஷ்களின் போல்ட்டுகளைத் தளர்த்தி, முன்சட்டத்தை ஜாக்கியால் மெதுவாக உயர்த்துங்கள். கதவு இடைவெளி மேலும் கீழும் சமமாகி, ஃபேன், கவரின் நடுவே வந்து நிற்கும் நிலையில் நிறுத்துங்கள். அப்போது சேசிஸின் பிராக்கெட்டுக்கும் சட்டத்தின் அடித்தகட்டுக்கும் இடையே உள்ள உயரம்தான், சுமை ஏறிய பின் மேல் ரப்பருக்கு இருக்க வேண்டிய உயரம். வார்க்கும்போது அந்த உயரத்தோடு அதில் பத்தில் ஒரு பங்கையோ அதற்குச் சற்று மேலோ கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பரைவிட முக்கியமானது அதன் நடுவே செல்லும் இரும்பு ஸ்லீவ், அதாவது போல்ட்டைச் சூழும் சிறு குழாய். மேல் ரப்பர் சட்டத்துக்கும் பிராக்கெட்டுக்கும் இடையிலும், கீழ் ரப்பர் பிராக்கெட்டுக்கு அடியிலும் அமர, போல்ட் இரண்டையும் ஊடுருவிச் செல்கிறது. ஸ்லீவ் இல்லாவிட்டால் நட்டை முறுக்குபவரின் கைவலிமைதான் உயரத்தைத் தீர்மானிக்கும். அந்தக் கைக்கு எல்லை கிடையாது. சுமை ஏறிய மேல் ரப்பர், பிராக்கெட்டின் தகடு, அமுங்கிய கீழ் ரப்பர் ஆகிய மூன்றின் உயரத்தையும் கூட்டினால் ஸ்லீவின் நீளம் கிடைக்கும். லேத் பட்டறையில் கடைந்து, துத்தநாகப் பூச்சு கொடுத்துவிடுங்கள். வாஷர் ஸ்லீவில் முட்டும் வரை முறுக்க வேண்டும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் ரப்பர் மேலும் நசுங்காது.

ரப்பர் வகையில், பேட்டரிக்கு அருகில் அமர்வதால் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரைப் பரிந்துரைக்கிறேன். வெயிலையும் ஓசோனையும் நீர்த்த ஆசிட்டையும் அது நன்றாகத் தாங்கும். எண்ணெய் பட்டால் உப்பிவிடும் என்பது அதன் குறை. எனவே பொருத்தும்போது கிரீஸ் தடவாமல் சோப்பு நீர் பயன்படுத்துங்கள். கடினம், ரப்பரின் கடினத்தைக் குறிக்கும் ஷோர் ஏ அளவில் 60 முதல் 65 வரை போதும்.

பதில் (இந்திரா நகர்)

நான் பாலியூரித்தேன் புஷ் போட்டிருக்கிறேன். எண்ணெய்க்கும் வெப்பத்துக்கும் அசையாமல் நிற்கிறது. இவ்வளவு மெனக்கெட்டு வார்ப்பவர்கள் அதையே தேர்ந்தெடுக்கலாமே?

பதில் (பீன்யா, ரப்பர் பட்டறை)

பொருள் உறுதியானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்த இடத்தில் உறுதி மட்டும் போதாது. ஏணி வடிவச் சேசிஸ் பள்ளம் மேடுகளில் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு ரேடியேட்டரை எட்டாமல் தடுப்பதற்காகவே அங்கே மெத்தை வைத்தார்கள். பழைய செம்பு-பித்தளை ரேடியேட்டரில் தொட்டியும் குழாய்களும் ஈயப்பற்றால் இணைக்கப்பட்டவை. கடினமான புஷ் முறுக்கை அப்படியே கடத்தினால் பற்று விடும் இடத்தில் கசிவு தொடங்கும். நல்ல தார்ச்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு உங்கள் தேர்வு பொருந்தலாம். பெங்களூரின் பள்ளங்களில் ஓட வேண்டிய வண்டிக்கு நான் ரப்பரைத்தான் வார்ப்பேன்.

பதில் (சிவாஜி நகர், பட்டறை)

வேலை செய்யும் முறையைச் சொல்கிறேன். பேட்டரியின் எர்த் வயரை முதலில் கழற்றிவிட்டு, பேட்டரியையும் இறக்கிவிடுங்கள்; வலப்பக்கத்துச் சுமை குறையும். துருநீக்கி எண்ணெயைப் போல்ட்டுகளில் முந்தைய நாளே ஊற்றி ஊறவிடுங்கள். ஜாக்கியை ஒருபோதும் ரேடியேட்டருக்கு அடியில் கொடுக்கக்கூடாது. சட்டத்தின் அடித்தகட்டுக்குக் கீழே நீளமான மரப்பலகை வைத்து, அதற்கடியில் ஜாக்கியைக் கொடுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்துப் போல்ட்டைக் கழற்றுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் முன்பக்கம் முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்துவிடும்.

துருப்பிடித்த போல்ட் ஸ்லீவோடு ஒட்டிக்கொண்டு, நட்டு கழன்றாலும் வெளியே வராமல் இருப்பது வழக்கம். அப்போது வெறும் ஹேக்சா பிளேடைச் சட்டத்துக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே நுழைத்து, ரப்பரையும் ஸ்லீவையும் போல்ட்டையும் சேர்த்து அறுத்துவிடுங்கள். மெதுவான வேலைதான், ஆனால் பெட்ரோல் குழாய் செல்லும் வண்டியில் கிரைண்டரின் தீப்பொறியைவிட அதுவே பாதுகாப்பு. போல்ட்டுகள் அங்குல அளவுப் புரி கொண்டவை. மில்லிமீட்டர் போல்ட்டைத் திணிக்க வேண்டாம்.

உயர்த்தும்போது ரேடியேட்டரின் மேல், கீழ் ஹோஸ்கள் இழுபடுகின்றனவா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். உங்களுடையது மேனுவல் கியர்பாக்ஸ் என்பதால் ரேடியேட்டருக்கு வரும் கியர் ஆயில் குழாய்கள் இல்லை. ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் அந்த இரும்புக் குழாய்களின் பிடிப்புகளை முதலில் தளர்த்த வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். முன்பக்கம் உயர்ந்ததும் மட்கார்டின் மேல் மூலை கதவை நோக்கி வரும். உடனே கதவைத் திறந்தால் இரண்டின் பெயிண்டும் பெயர்ந்துவிடும். இடைவெளியைக் கண்ணால் பார்த்து, ஓரத்தில் காகித நாடா ஒட்டி, மிக மெதுவாகத் திறந்து பாருங்கள். மட்கார்டின் பின் போல்ட்டுகளில் வைத்திருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை எடுக்க நேர்ந்தால், எது எந்த இடத்தினுடையது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கோரமங்களா நண்பர் சொன்னபடியே வலப்பக்க அடித்தகடு திருப்புளிக்கு உள்வாங்கியது. வெட்டிப் புதுத் தகடு பற்றவைத்தோம். பீன்யா ஐயாவின் முறைப்படி உயரம் அளந்து, ஸ்லீவ் கடைந்து, ஈ.பி.டி.எம். புஷ் வார்த்துப் பொருத்திவிட்டோம். ஃபேன் இப்போது கவரின் நடுவே நிற்கிறது. மேலும் கீழும் 23 மில்லிமீட்டர். பானெட் தானாகப் பூட்டுகிறது. ஆனால் ஒரு புதிய சிக்கல்: ஹெட்லைட் இரண்டும் மங்கலாக எரிகின்றன. இந்த வேலைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

பதில் (சிவாஜி நகர், பட்டறை)

நேரடித் தொடர்பு உண்டு. இந்த வண்டியில் ஹெட்லைட்டின் எர்த் வயர்கள் முன்சட்டத்தில்தான் திருகப்பட்டிருக்கின்றன. புதுப் புஷ் மின்சாரத்தைக் கடத்தாது. பற்றவைத்த பின் அடித்த பெயிண்டும் மட்கார்டு வழியாக இருந்த தொடர்பை மறைத்திருக்கும். எர்த் வயர் அமரும் இடங்களில் பெயிண்டைச் சுரண்டி இரும்பைத் தெரியவிடுங்கள். முன்சட்டத்திலிருந்து சேசிஸுக்கு ஒரு பின்னல் எர்த் பட்டையும், சேசிஸிலிருந்து என்ஜின் பிளாக்குக்கு மற்றொன்றும் போட்டு, முறுக்கிய பின் மேலே துருத்தடுப்பு பூசிவிடுங்கள். மீட்டர் இருந்தால், ஹெட்லைட் எரியும்போது முன்சட்டத்துக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இன்னும் சரியில்லை என்று பொருள்.