திருப்பாப்புலியூர் குடும்பம்: குல்மார்க் பேச்சு

கவி: 18ஆம் தேதி காஷ்மீரில் குல்மார்க் கிளம்புகிறோம், ஆபீஸ் நண்பர்கள் ஐந்து பேர். இப்போது அங்கே செம பனி. போய்ச் சேரும் நாளில் வெயில் அடிக்குமாம். கோண்டோலாவில் (ரோப் கார்) அப்பர்வாட் மலை வரை போய், கயிறு கட்டிய எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடக்கலாம் என்று திட்டம் 😎

அம்மா: குளிருக்கு எல்லாம் வாங்கியாச்சா?

ராணுவச் சித்தப்பா: குளிர் இருக்கட்டும் அண்ணி. கவி, பனி கொட்டி முடிந்த முதல் ஒன்றிரண்டு நாள்தான் பனிச்சரிவுக்குத் தோதான நேரம். புது அடுக்கு பழைய அடுக்கோடு இன்னும் ஒட்டியிருக்காது. வெயிலைப் பார்த்து ஏமாறாதே.

முதுநகர் மாமா: புயல் எச்சரிக்கைக் கூண்டு இறக்கிய மறுநாள் கடல் மாதிரி. காற்று நின்றிருக்கும், அலை நிற்காது. அன்றைக்குப் போட்டை எடுக்க மாட்டோம்.

கவி: சத்தம் போடாமல் நடந்தால் பனி சரியாது என்கிறார்களே?

ராணுவச் சித்தப்பா: அது சினிமாக் கதை. சரிய வைப்பது ஆளின் எடை. மாட்டிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர், தாங்களோ கூட வந்தவரோ மிதித்து உடைத்த பனியில்தான் மாட்டுகிறார்கள். 30 முதல் 45 டிகிரி சாய்வுதான் மோசம். நீ சமதளத்தில் நின்றாலும் தலைக்கு மேலே அப்படி ஒரு சரிவு இருந்தால் ஆபத்துதான்.

லாஸ்பேட்டை அத்தை: 2023 ஏப்ரலில் சிக்கிமில் நாதுலா வழியில் பனிச்சரிவில் ஏழு பேர் இறந்து போனார்களே தம்பி, அவர்கள் மலையேறப் போனவர்களா?

ராணுவச் சித்தப்பா: சுற்றுலா வந்தவர்கள் அக்கா. அனுமதி 13ஆம் மைல் வரைதான் என்றார்கள் அதிகாரிகள். நடந்தது 15ஆம் மைலில்.

கவி: எங்களுக்கு கைடு உண்டு சித்தப்பா.

ராணுவச் சித்தப்பா: 2022 அக்டோபரில் உத்தரகாசி பக்கம் திரௌபதி கா டண்டா சிகரத்தில் பனிச்சரிவில் குறைந்தது 27 பேர் இறந்தார்கள். பயிற்சியாளர்களோடு போன மலையேற்ற மாணவர்கள்தான் அதில் பெரும்பாலோர்.

கவி: பீக்கன் (புதைந்தவரைத் தேட சிக்னல் அனுப்பும் கருவி) வாடகைக்கு எடுக்கிறோம்.

ராணுவச் சித்தப்பா: ஆளுக்கு ஒன்றா? துழாவுகிற நீளக் கம்பி, மண்வாரி? புதைந்தவனைக் கால் மணி நேரத்துக்குள் வெளியே எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. மீட்புப் படை அதற்குள் வராது, கூட நிற்கிறவன்தான் தோண்டணும். தேடிப் பழகியிருக்கிறீர்களா?

கவி: இல்லை...

ராணுவச் சித்தப்பா: அப்புறம் அது கழுத்தில் தொங்கி என்ன பயன்? சண்டிகரில் இருக்கிற டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. தினமும் காலையில் பார். உலகத்தில் பொதுவாக ஆபத்துக்கு 1 முதல் 5 வரை எண் போடுவார்கள்.

முதுநகர் மாமா: அஞ்சுதானா? நம் கூண்டு 11 வரை போகும் 😄

ராணுவச் சித்தப்பா: 😄 ஆனால் 3 என்றால் பாதி ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது மச்சான். ஆல்ப்ஸ் மலையில் அதிகம் பேர் இறப்பது 3 போட்ட நாட்களில்தான். 4, 5 என்றால் அதிகம் பேர் வெளியே போவதில்லையே.

அம்மா: கவி, கயிற்றைத் தாண்டாதே. அவ்வளவுதான்.

கவி: சரிம்மா. ரோந்து இருக்கிற தடத்திலேயே சறுக்குகிறோம். பசங்களிடமும் சொன்னேன். மூன்று பேருக்கு ஓகே, ஒருத்தன் மட்டும் பயந்தாங்கொள்ளி என்கிறான்.

ராணுவச் சித்தப்பா: அவன் நம்பரை அனுப்பு.