பத்து வயதுக்குச் சிரிப்பும் திகிலும்: எந்தப் புத்தகம்?

கேள்வி: பத்து வயதான என் மகள் சிரிப்பும் திகிலும் சற்றே குரூரமும் கலந்த ஆங்கிலப் புத்தகங்களைக் கேட்கிறாள். உறக்கத்தைக் கெடுக்காதவையாக எவற்றைத் தரலாம்?

மறுமொழி 1: ஆர். எல். ஸ்டைனின் ‘கூஸ்பம்ப்ஸ்’ வரிசையிலிருந்து தொடங்குங்கள். 1992இல் அது வெளிவருவதற்கு முன் அவர் சிறுவர்களுக்கான நகைச்சுவை நூல்களை எழுதியவர் என்பதால், அத்தியாய முடிவில் அலற வைத்துவிட்டு, அடுத்த பக்கத்திலேயே அந்தப் பயத்தை வேடிக்கையாக்கிவிடுவார்.

மறுமொழி 2: குரூரம்தான் வேண்டுமென்றால் வரலாற்றின் கொடூரங்களை வேடிக்கையாகச் சொல்லும் டெர்ரி டியரியின் ‘ஹாரிபிள் ஹிஸ்டரீஸ்’ வரிசை பொருந்தும். ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஹைன்ரிஷ் ஹோஃப்மான் தம் மூன்று வயது மகனுக்காக எழுதி, 1845இல் அச்சான ‘ஷ்ட்ரூவல்பேட்டர்’ என்ற ஜெர்மன் படக்கதை நூலிலோ, விரல் சூப்பும் சிறுவனின் கட்டைவிரல்களைத் தையற்காரர் பெரிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறார். தீக்குச்சியோடு விளையாடிய சிறுமி சாம்பலாகிறாள், அவளுடைய பூனைகள் அழுகின்றன. (மூன்று வயதுக்கு!) அதை நீங்கள் முதலில் படித்துப் பார்த்துவிட்டுத் தருவதே நல்லது.

மறுமொழி 3: ரோல்டு டாலின் ‘தி விட்சஸ்’ (1983) விடுபடக் கூடாது. சூனியக்காரிகளைப் பற்றிப் பாட்டி சுருட்டுப் புகைத்துக்கொண்டே பேரனுக்குச் சொல்லும் பகுதிகள் சிரிப்பையும் நடுக்கத்தையும் ஒருசேரத் தருகின்றன. எலியாக மாற்றப்பட்ட சிறுவன் இறுதிவரை எலியாகவே இருந்துவிடுகிறான் என்பதும், அதற்காக அவன் வருந்துவதில்லை என்பதும் பெற்றோரைத்தான் அதிகம் திகைக்க வைக்கும்.